பெட்டி பிளேடு

பன்றிப் பண்ணை வைத்திருக்கும் ராய்ஸ் ஸ்டக்கி, மண் அள்ளுகிற தன் லோடரை என் வெல்டிங் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் காலைச் சாப்பாட்டில் பாதியில் இருந்தேன். மீதியை அன்று நான் சாப்பிடவில்லை. பன்றிக் கொட்டகையை வழித்த கையோடு, ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றாமல், அப்படியே ஓட்டிவந்திருந்தான். சக்கரங்களிலும் கண்ணாடியிலும் ஏறி இறங்கும் படியிலும் பன்றிக் கழிவுதான். எனக்கு வேலை இருந்த இடத்தில், அதாவது லோடரின் இரண்டு கைகளும் சேர்கிற முன்தகட்டில், நான்கு விரல் கனத்துக்கு அப்பிக் காய்ந்துபோயிருந்தது.

கழுவிக்கொண்டு வரும்படி முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். நினைவூட்டினேன்.

"நாட்டுப்புறத்துல இருந்துக்கிட்டு இதுக்கெல்லாம் மூக்கைப் பிடிச்சா எப்படி நேடின்?" என்றான். கையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலில் புகையிலை எச்சிலைத் துப்பிவிட்டு, அந்தப் பாட்டிலை என் வேலை மேசை மேல், அளவு நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

ஐம்பத்து நான்கு வயதில், பதினெட்டு வருடம் டிரெய்லர் தொழிற்சாலையில் வெல்டிங் செய்தவளுக்கு, அழுக்கு புதிதில்லை. ஆனால் இரும்பின் அழுக்கு வேறு. இது ஒருவன் தெரிந்தே என் முன்னால் கொண்டுவந்து வைத்த அழுக்கு. கரண்டியால் சுரண்டினேன். பூட்டு முளைகள் இறங்குகிற துளைகளில் குச்சி விட்டுக் குடைந்தேன். உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது. துளையைப் பார்க்காமல் அதில் மாட்டுகிற தகட்டை வாங்க முடியாது. ராய்ஸ் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சரளை போட்ட எங்கள் மண்பாதை அரசாங்கத்துடையது இல்லை. கீழே தார்ச் சாலையில் பிரிந்து, ஒன்றரை மைல் மலையேறி முடிந்துவிடும். அதன் மேல் ஐந்து வீடுகள். முதலில் என்னுடையது, அடுத்து பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் லுவானுடையது, நடுவில் ராய்ஸின் பன்றிப் பண்ணை, அதற்கு மேலே மாதத்தில் இரண்டு நாள் நகரத்திலிருந்து வந்துபோகிற ஹால்கம் தம்பதி, உச்சியில் எம்மெட் ராவுஷும் அவர் மனைவி வெர்லாவும். மிசௌரியின் இந்தப் பக்கத்து மழைக்கு, ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் பாதை ஓடையாகிவிடும். எம்மெட்தான் இத்தனை காலமும் தன் டிராக்டருக்குப் பின்னால், குறுக்குத் தகடும் இரண்டு பக்க அடைப்பும் உள்ள பெட்டி பிளேடை மாட்டி இழுத்து, குழிகளை நிரவி, மழைநீர் இருபுறமும் வழிய நடுமுதுகை உயர்த்தி வைத்திருந்தார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. செய்தார், அவ்வளவுதான். சென்ற பனிக்காலத்தில் கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. டிராக்டரை விற்றுவிட்டார்கள். பிளேடு மட்டும் புல்லுக்குள் கிடந்தது.

ராய்ஸ், தன் லோடரில் அந்தப் பிளேடை மாட்டிக் கொடுத்தால் பாதையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான். வேலைக்குக் கூலி வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

டிராக்டர் எந்தக் கருவியையும் முதுகுப் பக்கம் மூன்று இடத்தில் பிடிக்கும், கீழே இரண்டு கை, மேலே ஒரு தண்டு. லோடருக்கு அப்படியில்லை. அதன் முன்னால் தட்டையான ஒரு தகடு. அதன் மேல் விளிம்பைக் கருவியின் உதட்டுக்கு அடியில் நுழைத்துத் தூக்கி, இரண்டு நெம்புகோல்களை அழுத்தினால், கீழே இரண்டு முளைகள் துளைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பத்து வினாடி வேலை. எந்தக் கம்பெனியின் லோடரானாலும் அநேகமாக ஒரே அளவுதான். ஆக, எம்மெட்டின் பிளேடின் முதுகில் அந்த உதடும் துளைகளும் உள்ள ஒரு தகட்டைப் பற்றவைக்க வேண்டும். அந்தத் தகடு டவுனில், அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனத்தில், தயாராகவே கிடைத்தது.

சொல்லும்போது சுலபம். பிளேடு ஆறடி அகலம். ஒரு பக்கம் ஒரு நூல் தாழ்ந்தாலும் பாதை முழுவதும் சாய்ந்துகொண்டே போகும். பட்டறைத் தரையில் பிளேடின் வெட்டும் விளிம்பைப் படுக்கப் போட்டு, ரசமட்டம் வைத்து, அடியில் தகரத் துண்டுகள் செருகி மட்டம் பிடிக்கவே ஒரு காலை ஆயிற்று. டிராக்டரில் மாட்டுவதற்காக இருந்த பழைய இரும்புக் காதுகள் இடித்தன. எம்மெட்டுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு அவற்றை வெட்டி எடுத்தேன். தகட்டுக்கும் பிளேடின் சட்டத்துக்கும் நடுவே நான்கு முட்டுத் தகடுகள் கொடுத்தேன். லோடரின் பலம் முழுவதும் அந்த இடத்தில்தான் வந்து இறங்கும்.

எம்மெட் போனில் ஒன்றே ஒன்று சொன்னார். "அவனைப் பின்னாடி வந்தே இழுக்கச் சொல்லு. லோடர் கையைத் தளர்த்தி விட்டுட்டு, மெதுவா. முன்னாடி தள்ளினான்னா மிஷின் குதிக்கும், பாதை துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியா ஆயிரும்."

ராய்ஸுக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. வேலை முடிகிற நேரத்தில் வந்து, பிளேடின் இரண்டு பக்கத் தகடுகளையும் ஆறு அங்குலம் உயர்த்தி, ஓரடி முன்னால் நீட்டித் தரச் சொன்னான். இழுக்கும்போது கல் பக்கவாட்டில் வழிந்து வீணாகிவிடுமாம். நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றியது. செய்தேன். அழகாகவும் செய்தேன், ஓரங்களைக் கிரைண்டரால் உருட்டிக்கூட விட்டேன். இப்போது நினைத்தால் அந்த உருட்டிய ஓரங்கள்தான் எனக்கு அதிகம் கூசுகின்றன.

மே மாதம் முதல் முறை பாதையை இழுத்தான். என் வாசல் முன்னால் பாதை மேசை மாதிரி இருந்தது. லுவான் அவனுக்குப் பீச் பழப் பணியாரம் செய்து கொடுத்தாள். ஜூனில் ஒரு தடவை, ஜூலையில் இரண்டு தடவை. லோடர் மலை மேல் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம், பரவாயில்லை, மனிதன் முன்பு நினைத்த அளவுக்கு மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூன்று மாதத்தில் நான் என் வீட்டிலிருந்து கீழேதான் போனேன். வேலை கீழே, கடை கீழே, தேவாலயம் கீழே. இடுப்பு முறிந்து படுத்திருந்த எம்மெட்டைப் பார்க்க ஒரு தடவைகூட மேலே போகவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் முதல் வாரம் வெர்லா கூப்பிட்டாள். எம்மெட்டுக்கு நடை பழக்க வாரம் இரண்டு நாள் வருகிற பெண்ணின் கார், பாதையில் அடிவயிறு தட்டி எண்ணெய்த் தொட்டி உடைந்துவிட்டது, இனி வரமாட்டேன் என்கிறாள், உன்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போதே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். அவள் அப்படித்தான்.

வண்டியை ராய்ஸின் கேட்டுக்கு மேலே நூறு அடி ஓட்டியதுமே நிறுத்திவிட்டேன். சரளை இல்லை. ஒரு கல்கூட இல்லை. வெறும் களிமண், அதில் முழங்கால் ஆழத்துக்கு மழை அறுத்த சால்கள். உச்சியில் அவர்கள் கேட்டுவரை நடந்தே போனேன்; உள்ளே போக முகம் இல்லை. எம்மெட் தன் பக்கத்து அரை மைலுக்குத் தன் சொந்த ஓடையிலிருந்து சரளை அள்ளிப் போட்டிருந்தவர். எங்கள் பக்கத்து ஜல்லி சாம்பல் நிறம், கல் குவாரியில் உடைத்தது. எம்மெட்டின் ஓடைக் கல் செங்கல் மாதிரி சிவப்பு. அந்தச் சிவப்பு எங்கேயும் காணோம்.

திரும்பி இறங்கும்போது கண்டேன். ராய்ஸின் கேட்டுக்கு உள்ளே, பன்றி ஏற்ற லாரி வந்து நிற்கிற இடத்தில், ஒவ்வொரு வசந்தத்திலும் லாரி அச்சுவரை புதைந்துபோகிற அந்தச் சேற்றில், ஒரு முழ உயரத்துக்குச் சிவப்புச் சரளை. நிரவி, மட்டமாக, என் பிளேடு போட்ட கோடுகள்கூட அழியாமல். கொட்டகையிலிருந்து வழிந்த கழிவு அதன் மேல் பச்சையும் பழுப்புமாகப் பரவிக்கொண்டிருந்தது. பன்றிகள் அதில் படுத்திருந்தன.

அவன் என்ன செய்திருக்கிறான் என்று புரிந்துகொள்ள எனக்குக் கால் நிமிடம்தான் ஆயிற்று, ஏனென்றால் கருவியைச் செய்தது நான். உச்சியில் ஆரம்பித்து, பின்னாலேயே இழுத்துக்கொண்டு இறங்கி, பெட்டி நிறைகிறபோதெல்லாம் தன் கேட்டுக்குள் திருப்பிக் கொட்டியிருக்கிறான். பக்கத் தகடு உயரமாக இருந்ததால் வழியில் ஒரு கல்கூட சிந்தவில்லை. கீழே எங்கள் வாசலை மட்டும், நாங்கள் பார்க்கிற இடத்தை மட்டும், ஒழுங்காக நிரவிக் காட்டியிருக்கிறான்.

அவன் வராந்தாவில் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"கல்லு மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத்தான் வரும் நேடின். அது நான் பண்ணினதா?"

"பள்ளத்துக்கு வரட்டும். காலு முளைச்சு உன் கேட்டுக்குள்ள திரும்பிச்சா?"

வாயில் இருந்ததை மெல்லாமலே சிரித்தான். ரொட்டியும் மாமிசமும் பற்களுக்கு நடுவே தெரிந்தன. டீசல் தன்னுடையது, மிஷின் தன்னுடையது, ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் தன்னுடையவை என்றான். இவ்வளவு செய்கிறவன் நாலு கல்லை எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிட்டது என்றான். பிறகு எனக்கு யோசனை சொல்கிறவன் மாதிரி முன்னால் குனிந்து சொன்னான்:

"எம்மெட் இனிமே எங்க போகப்போறான்? கட்டில்லேர்ந்து கக்கூஸுக்கு. அதுக்கு எதுக்குச் சரளை?"

நான் திரும்பி நடந்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தால் அங்கேயே வாந்தி எடுத்திருப்பேன். பன்றிக் கொட்டகை நாற்றம் ஒரு காரணம். அவன் பேசும்போது நட்போடு பேசினான் என்பது இன்னொரு காரணம். என்னையும் தன் பக்கத்து ஆளாகவே நினைத்துக்கொண்டிருந்தான். யோசித்துப் பார்த்தால், ஏன் நினைக்கக் கூடாது? பக்கத் தகட்டை உயர்த்திக் கொடுத்தவள் நான்தானே.

அன்று மாலையே லுவானிடம் போனேன். கேட்டுவிட்டுப் பாத்திரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது தப்புதான் என்றாள். ஆனால் பனிக்காலம் வந்தால் பாதையில் பனி தள்ள அவனை விட்டால் யார் இருக்கிறார்கள், நான் காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும், நம் பக்கம் பாதை நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். ஹால்கமுக்குப் போன் செய்தேன். அவர், நாங்கள் எப்போதாவது வருகிறவர்கள், அக்கம்பக்கத்துச் சண்டையில் தலையிட விரும்பவில்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார். அவர் வாசலிலும் களிமண்தான். அவரிடம் உயரமான ஜீப் இருக்கிறது. அதுதான் விஷயம்.

ராய்ஸைப் பார்த்து வந்த குமட்டலைவிட, போனை வைத்தபோது வந்தது அதிகம். அவனுடையதையாவது முகத்துக்கு நேராகப் பார்க்க முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து அவனே என் வாசலுக்கு வந்தான். அவசரத்தில், எம்மெட் எதைச் செய்யக் கூடாது என்றாரோ அதையே செய்து, முன்னால் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறான். மண்ணுக்கடியில் இருந்த பாறை விளிம்பில் பிளேடு மோதியிருக்கிறது. என் வெல்டிங் நின்றுவிட்டது. அதைச் சுற்றியிருந்த இரும்பு கிழிந்து, தகடு வளைந்து தொங்கியது. இந்தத் தடவையும் கழுவவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், லாரி திரும்புகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் போட வேண்டியிருக்கிறது என்றான். எங்களுக்குள் ஒரு பேச்சுமே நடக்காத மாதிரி. பிளேடை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

அதைச் சுரண்டிக் கழுவி, என் டிரக்கில் ஏறி, டிரக்கை ராய்ஸின் கேட்டுக்கு மேலே விட்டுவிட்டு, சால்களைத் தாண்டித் தாண்டி எம்மெட் வீட்டுக்கு நடந்தேன். ஆள் பாதியாகியிருந்தார். ஜன்னலோரம் சக்கரக்கால் வைத்த நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் வருவதைப் பார்க்க எழுந்து நின்றாராம். வெர்லா சொன்னாள், மூன்று வாரமாக அந்தப் பெண் வராததால் பழகின நடையும் போய்விட்டது என்று.

முதலில் என் பங்கைச் சொன்னேன். பக்கத் தகட்டை உயர்த்திக் கொடுத்ததைச் சொன்னேன். பிறகு என் யோசனையைச் சொன்னேன்.

"பக்கம் ரெண்டையும் அடியோட வெட்டி எடுத்துடலாம்னு பாக்கறேன். பெட்டி இல்லாம வெறும் பிளேடு. நிரவும், ஆனா சுமக்காது. அள்ளின கல்லு பத்தடிக்குள்ள ரெண்டு பக்கமும் வழிஞ்சிரும். ஆனா அது உங்க பிளேடு. நீங்க சொன்னாத்தான்."

எம்மெட் ஜன்னல் வழியாகக் களிமண்ணைப் பார்த்தார். "எதுக்கு அவன்கிட்ட திருப்பிக் குடுக்கணும்?" என்று வெர்லா கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"லோடர் அவன்கிட்டதானே இருக்கு," என்றார் எம்மெட். பிறகு என்னிடம், "வெட்டறதுன்னா முழுசா வெட்டு. ஒரு துண்டு மிச்சம் வச்சாலும் அதுல பலகையைப் போட்டுக் கட்டிக்குவான். அவனை எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை கிழிந்த இடத்தைச் சரிசெய்தேன். தகட்டை நிமிர்த்தி, மட்டம் பார்த்து, இன்னும் இரண்டு முட்டு கொடுத்தேன். அதன் பிறகு கேஸ் கட்டரைப் பற்றவைத்து இரண்டு பக்கங்களையும் அறுத்தேன். நான் உருட்டி மெருகேற்றிய ஓரங்கள் தரையில் விழுந்து கிடந்தன. அவ்வளவு கழுவியும் இடுக்கில் இருந்தது சூட்டில் எரிந்து, பட்டறை முழுவதும் வெந்த பன்றிக் கழிவு வாசம். தலைமுடியில் மூன்று நாள் இருந்தது.

ராய்ஸ் வந்ததும் ஒளிக்காமல் சொன்னேன். இனி இது பாதையை நிரவும், கல்லைச் சுமக்காது என்று. பிளேடைச் சுற்றி வந்து பார்த்தான். முகம் கழுத்துவரை சிவந்தது.

"நல்ல சாமானைக் கெடுத்து வச்சிருக்க."

"எம்மெட்டோட சாமான். அவர் சொன்னாரு, வெட்டினேன்."

"ஓகோ. கல்லு வேணுமா அவனுக்கு," என்றான். கோபத்தைவிட யோசனைதான் அந்தக் குரலில் இருந்தது. மாட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலை என் கேட்டுக்கு எதிரே, பள்ளத்தில், பிளேடு குப்புறக் கிடந்தது.

அதே நாள் பத்து மணிக்கு வெர்லா அழுதுகொண்டே கூப்பிட்டாள். அவள் சொன்னது முதலில் எனக்குப் புரியவில்லை. ராய்ஸ், லோடரின் முன்னால் மண் அள்ளுகிற பெரிய வாளியை மாட்டிக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து பதினோரு தடவை ஏறி இறங்கியிருக்கிறான். எம்மெட்டின் கேட்டை அடைத்துப் பதினோரு வாளி கொட்டியிருக்கிறான். கடைசி வாளியைக் கொட்டிவிட்டு, "கேட்டீங்கல்ல, உங்க கல்லு" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நான் போய்ப் பார்த்தேன். ஒரு கோடைகாலம் முழுவதும் இருநூறு பன்றிகள் கழித்துப் புரண்ட சரளை அது. வெயில் ஏற ஏற அந்தக் குவியல் அசைவது போலிருந்தது. அசைந்தது ஈக்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கறுப்பாக ஏதோ ஊறி, வெர்லாவின் ரோஜாச் செடிகளைப் பார்த்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. குவியலின் இடது ஓரத்தில், செத்துப் பிறந்த குட்டி ஒன்றின் பின்னங்கால் நீட்டிக்கொண்டிருந்தது, விரல் அளவு குளம்போடு. வேலியோரம் இருந்த தேவதாரு மரத்துக்குப் பின்னால் போய், வயிற்றில் இருந்தது எல்லாம் வெளியே வரும்வரை நின்றேன். வெர்லா ஒரு கைக்குட்டையை நீட்டினாள். அவள் முகத்திலும் ஒன்று கட்டியிருந்தாள்.

அங்கேயே நின்று முடிவு செய்தேன். அந்தப் பிளேடு ராய்ஸின் லோடருக்கு மட்டும்தான் பொருந்தும் என்று இல்லையே. டவுனில் கருவிகள் வாடகைக்கு விடுகிற கடையில் ஒரு நாளைக்கு லோடர் எடுத்தேன். பள்ளத்தில் கிடந்த பிளேடைச் சங்கிலி போட்டுத் தூக்கி நிமிர்த்தி, தகட்டை நுழைத்து, நெம்புகோலை அழுத்தினேன். முளைகள் 'டக்' என்று இறங்கின. அந்த வாரம் முழுவதிலும் எனக்குப் பிடித்த ஒரே சத்தம் அதுதான்.

மேலே போனபோது குவியல் அருகே லுவான் நின்றிருந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து சமையல் துண்டு கட்டியிருந்தாள், கையில் இரும்பு வாரி. காற்று கீழ்நோக்கி அடித்திருந்ததால் நாற்றம் அவள் வீட்டுச் சமையலறைவரை போயிருக்கிறது.

"ஒண்ணும் சொல்லாத. நான் பேச வரலை," என்றாள்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.

அவள் முன்னால் போய் எலும்புகளையும் தோலையும் அந்தக் குட்டியையும் பொறுக்கி உரச்சாக்கில் போட்டாள். நான் எம்மெட் சொன்ன மாதிரி, லோடர் கையைத் தளர்த்தி விட்டு, பின்னாலேயே மெதுவாக இழுத்தேன். பக்கங்கள் இல்லாததால் கல் இரண்டு புறமும் வழிந்து பரவியது. சால்களுக்குள் இறங்கியது. ஆறு மணி நேரம். முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினால் கையிலும் அதே வாடை. எம்மெட் நடைச் சட்டத்தோடு வராந்தாவுக்கு வந்து நின்று, வலது கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்: இன்னும் தாழ்த்து, இன்னும் தாழ்த்து. கடைசியில் இறங்கிப் போனபோது, மழை பெய்தால் பீ போய்விடும், கல் இருக்கும் என்றார். வெர்லா ஐஸ் போட்ட தேநீர் கொடுத்தாள். மரியாதைக்காக வாங்கி, அவள் உள்ளே போனதும் புல்லில் ஊற்றினேன். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியவள், அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. குப்பை எரிக்கிற பீப்பாயில் போட்டேன்.

வந்தது கொண்டுபோனதில் பாதிதான். மீதி இன்னும் பன்றி லாரிக்கு அடியில் கிடக்கிறது. ஆனாலும் நடை பழக்குகிற பெண்ணின் கார் ஏற அது போதும். செப்டம்பரிலிருந்து மறுபடி வருகிறாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. எம்மெட் நடைச் சட்டத்தை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்திருக்கிறார். பிளேடு இப்போது என் பட்டறையில்தான் இருக்கிறது. வருடத்தில் இரண்டு நாள் லோடர் வாடகைக்கு எடுத்து நானே இழுப்பதாக ஏற்பாடு. ஹால்கம் தன் பங்குக்கு நல்வாழ்த்து அனுப்பியிருந்தார்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த வேலை முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பாஸ்டர் அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். நோயில் இருக்கிற ஒரு சகோதரருக்காகத் தன் சொந்த இடத்திலிருந்து பதினோரு வாளி சரளை கொண்டுபோய்ப் போட்ட நம் அயலார் ராய்ஸ் ஸ்டக்கிக்குக் கர்த்தருடைய ஆசி உண்டாகட்டும் என்றார். ராய்ஸ்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். முன்வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்து தலையைத் தாழ்த்திக்கொண்டிருந்தான். சிலர் ஆமென் சொன்னார்கள்.

நான் எழப் போனேன். ஆனால் எழுந்தது நான் இல்லை, பக்கத்தில் இருந்த லுவான். இருபது வருடத்தில் அவள் தேவாலயத்தில் வாய் திறந்து நான் கேட்டது பாட்டுக்கு மட்டும்தான்.

"பாஸ்டர், அந்தக் கல்லைப் போய் ஒரு தடவை மோந்து பாத்துட்டு அப்புறம் ஆசி குடுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பாஸ்டர் காகிதத்தைப் பார்த்தார், பிறகு அடுத்த அறிவிப்புக்குப் போனார். ராய்ஸ் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தான். பின்னர் கூடத்தில் எல்லோரும் அவன் கொண்டுவந்திருந்த பன்றி விலா எலும்பை வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். லுவானும் நானும் காரில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்திருந்த முட்டை சாண்ட்விச்சைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் எதிரே வருகிற வண்டிக்கு, ஸ்டீரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர், எல்லோருக்கும். ராய்ஸ் இன்றும் தினமும் காலையில் என்னைக் கடக்கும்போது விரலைத் தூக்குகிறான், எதுவுமே நடக்காத மாதிரி, சிரித்த முகமாக. நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீரிங்கிலேயே வைத்திருக்கிறேன்.